மலையை நீலமாக்கினாலும் படுதா மாதிரியே தொங்குகிறதே?

கேள்வி, 09-07-2022

ஆறு மாதமாக வாட்டர்கலரில் நிலக்காட்சி போட்டுப் பழகுகிறேன். தென்காசிப் பக்கம் வயல், பின்னால் மலை. தூரம் போகப்போக நீலம் சேர்க்கணும், வெளுக்கணும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள், அதைச் செய்துவிட்டேன். மலை இப்போது நல்ல நீலம்தான். ஆனால் வயலுக்குப் பின்னால் படுதா கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது. டெப்த்தே இல்லை. எங்கே தப்பு? வயலில் ஒரு எருமையும் போட்டிருக்கிறேன். வீட்டில் அதை லாரி என்கிறார்கள்.

09-07-2022, காலை

படம் பார்த்தேன். எருமை லாரிதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் மலை. அல்ட்ராமரைன் நீலத்தை டியூபிலிருந்து எடுத்து, தண்ணீர் மட்டும் சேர்த்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே வாஷ், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சு, இழுத்திருக்கிறீர்கள். அங்கே இருப்பது கரும்பச்சைக் காடு. அதன்மேல் நடுவிலுள்ள காற்று படிந்துதான் நீலமாகத் தெரிகிறது. அதனால் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை ஒரு தொடு தொட்டு மட்டுப்படுத்துங்கள். உச்சியில் கொஞ்சம் அழுத்தம், அடிவாரத்துக்கு வர வர இன்னும் தண்ணீர். புழுதியும் ஈரமும் தரையோடு தரையாகக் கிடப்பதால் மலையின் கால் அதன் தலையைவிட வெளுப்பாகத்தான் தெரியும். பாரம் கீழேதானே இருக்கணும் என்று நினைத்து முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகப் போடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் போட்டேன்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சொன்னவர் சின்ன ஆற்றங்கரையில் நின்று சொல்லியிருக்கிறார். ஆறு பத்துக் கிலோமீட்டர் அகலமாக இருந்திருந்தால் அக்கரை நீலம் என்றுதான் பழமொழி வந்திருக்கும்.

09-07-2022, இரவு

ஏன் நீலம், ஏன் வேறு நிறமில்லை என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். வானம் நீலமாக இருப்பதற்கு என்ன காரணமோ அதேதான். காற்றின் மூலக்கூறுகள் குறைந்த அலைநீளமுள்ள ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறும். உங்களுக்கும் மலைக்கும் நடுவிலிருக்கும் பத்துக் கிலோமீட்டர் காற்றையும் மெல்லிய வானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் கறுப்பாக ஏதாவது நின்றால் அந்த நீலம் நன்றாகத் தெரியும்.

லியொனார்டோ டா வின்சி 500 வருடத்துக்கு முன்பே இதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டார். ஐந்து மடங்கு தூரத்தில் இருப்பதை ஐந்து மடங்கு நீலமாக்கு என்று கணக்கும் கொடுக்கிறார். அந்தக் கணக்கை அப்படியே நம்பிக் கடைக்குப் போய் நீல டியூபாக வாங்கி வராதீர்கள். ஓர் அளவுக்கு மேல் மலை நீலமாவது நின்றுவிடும், அதன்பின் வானத்தோடு கரைய மட்டுமே செய்யும்.

அப்புறம், பங்குனி சித்திரைப் புழுதியில் இந்த நீலமும் கிடையாது. புழுதித் துகள் பெரிது, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும். அப்போது மலை துவைத்துத் துவைத்து வெளுத்த வேட்டி நிறத்தில் இருக்கும். எந்த மாதத்து மலை என்று முடிவு செய்துவிட்டு நீலத்தைத் தொடுங்கள்.

11-07-2022, காலை

ஒரு திருத்தம். "தூரம் போகப்போக எல்லாமே வெளுக்கும், அவ்வளவுதான் சூத்திரம்" என்று ஒருவர் எழுதியதற்கு நான் ஆமாம் போட்டுவிட்டேன். ராத்திரி படுத்தபின் உறுத்தியது. கறுப்புதான் வெளுக்கும். வெள்ளை மங்கும். தூரத்து வெள்ளைச் சுவரிலிருந்து கிளம்பும் ஒளியில் நீலப் பங்கு வழியிலேயே சிதறிக் குறைந்துவிடும், நம்மிடம் வந்து சேரும்போது அது லேசாக மஞ்சள் பூசிய வெள்ளை. மேகத்தைப் பாருங்கள். தலைக்கு மேல் இருப்பது பளிச். அடிவானத்தில் இருப்பது பழைய பேப்பர்.

கேள்வி கேட்டவர் மலையடியில் ஒரு வீடு வைத்து, அதற்குப் பேப்பர் வெள்ளையை அப்படியே விட்டிருக்கிறார். அந்த வீடு எருமையைத் தாண்டிக் குதித்து முன்னால் வந்து நிற்கிறது. யெல்லோ ஆக்கரை நிறையத் தண்ணீரில் கரைத்து அதன்மேல் ஒரு தடவு தடவினால் போதும், ஊருக்குத் திரும்பிப் போய்விடும்.

11-07-2022, மாலை

எருமை.

தரை சமம், நீங்களும் அதே தரையில் நிற்கிறீர்கள் என்றால் ஒரு சுலபமான வழி இருக்கிறது. அடிவானக் கோடு எப்போதும் உங்கள் கண் உயரத்தில் இருக்கும். கண் ஐந்தடி உயரத்தில் என்றால், சமதரையில் எங்கே நிற்கும் பொருளிலும் ஐந்தடி உயரத்தை அந்தக் கோடு வெட்டும். எருமை நாலரை அடி. ஆகவே பக்கத்து எருமையாக இருந்தாலும் தூரத்து எருமையாக இருந்தாலும் அதன் முதுகு அடிவானத்துக்குக் கொஞ்சம் கீழேதான் வரவேண்டும். குளம்பு எங்கே படுகிறது என்று முதலில் புள்ளி வையுங்கள், அங்கிருந்து அடிவானம்வரை அளந்து பத்தில் ஒன்பது பங்கு எடுங்கள். எருமை ரெடி. உங்கள் எருமையின் முதுகு அடிவானத்தைத் தாண்டி மலையின் பாதிக்குப் போயிருக்கிறது. கணக்குப்படி அது எட்டடி உயரம். வீட்டில் சொன்னது சரிதான்.

மலையின் விளிம்பை அடிவானம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மலை இல்லாதிருந்தால் தரையும் வானமும் எங்கே தொட்டிருக்குமோ அதுதான் அடிவானம். மலையடிவாரத்தை ஒட்டி, கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கும்.

12-07-2022

"நான் சமதரையில் நிற்கவில்லை, குளத்துக்கரை மேல் நின்று வரைந்தேன்" என்கிறார் கேள்வி கேட்டவர். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா.

சரி. கரை பத்தடி உயரம், உங்கள் கண் ஐந்தடி, மொத்தம் பதினைந்து. வயலில் நிற்கும் ஐந்தடி ஆளின் காலிலிருந்து அடிவானம்வரை அவரைப்போல மூன்று ஆளை ஒருவர்மேல் ஒருவராக நிறுத்தலாம். எருமை அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அப்படியென்றால் அந்த எட்டடி மூன்று மடங்காகி, உங்கள் எருமையின் உயரம் இருபத்துநாலு அடி. லாரி என்று சொன்னவர்கள் தாட்சண்யம் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

17-07-2022, ஞாயிறு

பேசிக்கொண்டே இருக்கிறோமே என்று இன்று போர்டைத் தூக்கிக்கொண்டு சுந்தரபாண்டியபுரம் போனேன். கார் பருவ நடவு முடிந்து வயல் முழுக்க இளம்பச்சை. சாரல் சீசன், மலை இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. குற்றாலத்துக்கு மேல் திரிகூட மலையின் இடுப்பில் மேகம் கட்டியிருந்தது. கீழே அடிவாரம் கொஞ்சம், மேலே உச்சி கொஞ்சம், நடுவில் ஒன்றுமே இல்லை.

இரண்டு படம் போட்டேன். முதல் படத்தில் நல்ல ஈரத்தில் மலை வாஷ் இழுத்து நிமிர்ந்தேன், சாரல் வந்து அதன்மேல் விழுந்து மலைக்கு அம்மை வார்த்துவிட்டது. இரண்டாவதில் நடுப்பகுதியைத் தொடாமல் பேப்பராகவே விட்டேன், சோம்பேறித்தனம்தான் காரணம். அதுதான் உயரமாக வந்திருக்கிறது. முழு மலையையும் காட்டிய என் பழைய படங்களை எடுத்து வைத்துப் பார்த்தால், அவை எல்லாம் குன்று.

சீனத்தில் குவோ ஷி என்ற ஓவியர் இதைப் பதினோராம் நூற்றாண்டிலேயே சொல்லியிருக்கிறார். மலை உயரமாகத் தெரியவேண்டுமானால் முழுவதையும் காட்டாதே, இடுப்பில் மூடுபனி கட்டு, உயர்ந்துவிடும். 1072இல் அவர் வரைந்த இளவேனில் ஓவியம் தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தூரத்தை மூன்று வகை என்பார். கீழிருந்து உச்சியை அண்ணாந்து பார்ப்பது உயரத் தூரம். முன்மலைக்கு இடையில் புகுந்து பின்மலையைப் பார்ப்பது ஆழத் தூரம். பக்கத்திலிருந்து எதிரே விரிந்து போவதைப் பார்ப்பது சமதளத் தூரம். நாம் இங்கே டெப்த் டெப்த் என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்றையும் குழப்பிக்கொண்டிருக்கிறோம். கேள்வி கேட்டவருக்கு வேண்டியது மூன்றாவது. என்னுடைய இன்றைய இரண்டாவது படத்துக்குக் கிடைத்தது முதலாவது. ஆக, அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

18-07-2022

நேரில் பார்த்தபோது அவ்வளவு பெரியதாக இருந்த மலை போனில் எடுத்தால் பல்லி மாதிரி படுத்திருக்கிறது, ஏன் என்று கேட்கிறார்கள். போனின் முதன்மை கேமரா அகலக் கோணம். முன்னால் இருக்கும் வரப்பை ஊதிப் பெரிதாக்கி மலையைப் பின்னுக்குத் தள்ளும். நம் கண்ணோ மலையைப் பார்க்கும்போது வரப்பை மறந்துவிடும். போட்டோவை அப்படியே டிரேஸ் எடுத்தால் அகலமாக இருக்கும், பிரம்மாண்டம் போய்விடும். இரண்டு மடங்கு ஸூம் வைத்து எடுத்தால் ஓரளவு கண்ணுக்குக் கிட்டே வரும்.

இன்னொரு கோளாறு. போன் தானாகவே மங்கலைத் துடைத்து, நிழலை வெளுத்து, மலையில் மரம் மரமாகக் காட்டும். காற்றைத்தான் நாம் வரையப் போகிறோம், அதைப் போன் முதலிலேயே அழித்துவிடுகிறது.

கருவி வைத்து வரைவது கேவலம் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 1792இல் தென்னாட்டில் சுற்றிய ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும், எதிரே இருப்பதைத் தாள்மேல் விழவைக்கும் கேமரா அப்ஸ்க்யூரா என்ற பெட்டியை வைத்துத்தான் கோடு எடுத்தார்கள். பாபநாசம் அருவியை அவர்கள் வரைந்தது அச்சாகவும் வந்திருக்கிறது. கோட்டைக் கருவியிடமிருந்து வாங்கினாலும் காற்றை அவர்களே பார்த்துப் போட்டார்கள்.

24-07-2022, ஞாயிறு

இரண்டு வாரமாகப் படுதா படுதா என்று இங்கே படித்துக்கொண்டிருந்தும் எனக்கு உறைக்கவில்லை. என் பெரியப்பா படுதா வரைந்தவர்.

நாடகக் கம்பெனிகளுக்கு சீன் எழுதுவார். தெரு, தர்பார், காடு, நந்தவனம். வண்ணப்பொடியை வஜ்ஜிரப் பசையில் காய்ச்சிக் கலக்குவது லீவு நாளில் என் வேலை. அந்த நாற்றம் சோற்றுக் கையிலும் இருக்கும். காட்டுப் படுதாவில் மலையும் வரும். நீலமாக, கீழே வெளுத்து, எல்லாம் முறையாக. இருந்தும் அது படுதாவாகத்தான் தெரியும், துணியின் மடிப்புகூட மறையாது.

ஆனால் நாடகம் அன்று அவர் இன்னொன்று செய்வார். முட்டியளவு உயரத்தில் தட்டியை வெட்டி, புதர்போல வண்ணமடித்து, படுதாவுக்கு நாலடி முன்னால் வரிசையாக நிறுத்துவார். அவ்வளவுதான். விளக்கு போட்டதும் மலை அடுத்த ஊருக்குப் போய்விடும். சின்னப் பையனாக நான் பின்னால் போய் அந்த நாலடியைத் தாண்டிப் பார்த்திருக்கிறேன். டீ கிளாஸும் செருப்பும் கிடக்கும்.

மலையில் அவர் கையே வைக்கவில்லை. படுதா தரையைத் தொடும் இடத்தைத்தான் மறைத்தார். தொடும் இடம் தெரிந்தால் பார்ப்பவன் மனசில் அளந்துவிடுகிறான், நாலடி என்று. தெரியவில்லை என்றால் அளக்க முடிவதில்லை.

இப்போது கேள்விப் படத்தைத் திரும்பப் பாருங்கள். வயல் ஒரே பச்சையாக, தடையே இல்லாமல் போய், மலையின் காலில் நேராக முட்டுகிறது. முட்டும் கோடு ஸ்கேல் வைத்த மாதிரி தெளிவு. தரை எங்கேயும் மறையவே இல்லை. நான் ஒன்பதாம் தேதி காலையிலிருந்து நீலம், சியன்னா, யெல்லோ ஆக்கர் என்று மலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். அவை எல்லாம் சரிதான், ஆனால் இரண்டாம் பட்சம். கோளாறு நடுவில் இருக்கிறது.

நம் பக்கத்து நிலத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. வரப்பு இருக்கிறது, அதற்கு அந்தப்பக்கம் வயல் ஒன்றரை அடி பள்ளம். குளத்துக்கரை இருக்கிறது, அதன்மேல் பனை வரிசை, கரைக்கு அந்தப்பக்கத்து மரங்களின் தலை மட்டும் தெரியும். ஓடையில் தாழை. இவை ஒவ்வொன்றும் பெரியப்பாவின் தட்டிதான்.

24-07-2022, இரவு

"அப்படியென்றால் முன்னால் ஒரு பெரிய மரம் வைத்தால் போதுமா" என்று கேட்டிருக்கிறார்கள். அது பழைய வித்தை, பதினேழாம் நூற்றாண்டில் கிளாட் லொரெயின் என்ற ஓவியர் ஒரு பக்கம் இருண்ட மரம் நிறுத்தாமல் படம் போடுவது அபூர்வம். வேலை செய்யும். ஆனால் ஓரத்து மரம் ஜன்னல் சட்டம் மாதிரி. ஜன்னலுக்கு வெளியே படுதா தொங்கினால் ஜன்னல் வழியாகப் படுதா தெரியும், அவ்வளவே.

25-07-2022

ப்ரூகல் என்ற ஓவியர் 1565இல் வரைந்த பனிக்கால வேட்டைக்காரர்கள் படம் பலரும் பார்த்திருப்பீர்கள், வியன்னாவில் இருப்பது. நேற்று ராத்திரி அதைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடப்பக்கம் மேட்டில் வேட்டைக்காரர்களும் நாய்களும், கறுத்த மரங்கள் வரிசையாக. அதற்கப்புறம் மேடு சட்டென்று முடிந்துவிடுகிறது. சரிவு எவ்வளவு நீளம் என்று அவர் காட்டவே இல்லை. அடுத்து கண் போய் விழுவது கீழே உறைந்த குளத்தில், அங்கே மனிதர்கள் எறும்பளவு. நடுவில் ஆகாயத்தில் ஒரு பறவை வேறு பறக்கிறது, விழுந்துவிடுவோமோ என்று நமக்கு வயிற்றைக் கலக்க.

அந்தப் படத்தில் தூரத்துக்கென்று தனியாக நீலமே இல்லை. வானமும் பனிக்கட்டியும் ஒரே சாம்பல் பச்சை. தூரம் வந்துவிட்டது.

06-08-2022

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பார்வை, நம் ஓவியத்தில் டெப்த் என்ற கவலையே கிடையாது, சித்தன்னவாசலைப் பாருங்கள்" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் நியாயமா தெரியவில்லை, உதாரணம் அருமை.

ஒன்பதாம் நூற்றாண்டு விதானத் தாமரைக்குளம். மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். அடிவானமே கிடையாது. குளம் முழுவதும் மேலிருந்து பார்த்த மாதிரி விரிந்திருக்கும், ஆனால் யானையையும் எருமையையும் பக்கவாட்டில் பார்க்கிறோம். தலையை அண்ணாந்து பார்க்கும் விதானத்தில் எது கீழ், எது தூரம்? அங்கே அடிவானம் போட்டால் பார்ப்பவர் கழுத்து எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்பாக இருக்கும். அந்த ஓவியருக்குத் தூரம் தேவைப்படவில்லை.

ஆனால் கவனியுங்கள். பூவும் இலையும் மிருகங்களின் உடம்பை அங்கங்கே மறைக்கின்றன. தண்டுக்குப் பின்னால் மீன், இலைக்குப் பின்னால் எருமை. குளத்துக்குள் நாம் இறங்கிவிட்ட மாதிரி இருப்பது அதனால்தான். பெரியப்பாவின் தட்டி அங்கேயும் இருக்கிறது, உயரம்தான் விரற்கடை.

எருமை அளவு? அங்கே யாரும் லாரி என்று சொன்னதாகத் தகவல் இல்லை.

21-08-2022, ஞாயிறு

மறுபடியும் ஒரு திருத்தம், இந்த முறை பெரியது. நீலம் மாதிரி குளிர்ந்த நிறம் பின்னால் போகும், சிவப்பு மஞ்சள் மாதிரி சூடான நிறம் முன்னால் வரும் என்று ஜூலையில் ஒருவருக்குத் தனியாக எழுதியிருந்தேன். பொதுவாகச் சரி. நேற்று மாலை ஐந்தரைக்கு அது என் கண்முன்னால் சரிந்து விழுந்தது.

நம் பக்கம் மலை மேற்கே இருக்கிறது. காலையில் வெயில் நம் முதுகுப் பக்கத்திலிருந்து மலைமேல் விழும். மடிப்பு, பள்ளம், பாறை எல்லாம் புடைத்துத் தெரியும், மலை திரண்டு நிற்கும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும். அப்போது ஒவ்வொரு மலைவரிசையும் வெட்டிய அட்டை மாதிரி தட்டை. ஆனால் வரிசைக்கும் வரிசைக்கும் நடுவிலுள்ள காற்று எதிர்வெயிலில் பற்றிக்கொண்டு ஒளிரும். முன்வரிசை கருநீலம், அடுத்தது ஊதா கலந்த பழுப்பு, கடைசி வரிசை வெளிறிய சந்தனம். தூரம்தான் சூடு, பக்கம்தான் குளிர்ச்சி. சூத்திரம் தலைகீழ். டெப்த் எக்கச்சக்கம்.

காலை மலைக்கு உடம்பு இருக்கிறது, தூரம் குறைவு. மாலை மலைக்கு உடம்பே இல்லை, தூரம் மட்டும் இருக்கிறது. இரண்டையும் ஒரே படத்தில் வாங்கப் பார்த்துதான் நான் நேற்று இரண்டு பேப்பரை வீணாக்கினேன். ஒரு தாள் என்ன விலை விற்கிறது.

எனவே நிறம் சூடா குளிர்ச்சியா என்பதைவிட, தூரத்து வரிசையின் அழுத்தம், அதாவது எவ்வளவு கருமை என்பது, வானத்தின் அழுத்தத்தை எவ்வளவு நெருங்குகிறது என்று பாருங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

22-08-2022

அழுத்தம் பற்றிக் கேட்டவருக்கு. ஜான் கார்ல்சன் என்ற அமெரிக்க ஓவியர் ஒரு வரிசை சொல்வார். வானம்தான் ஒளியின் ஊற்று, ஆகவே அதுவே மிக வெளுப்பு. மல்லாந்து படுத்திருக்கும் தரை அந்த ஒளியை முழுதாக வாங்கும், அது அடுத்தது. மலைச்சரிவு சாய்ந்திருப்பதால் குறைவாக வாங்கும். மரம் நிமிர்ந்து நிற்பதால் மிகக் குறைவு, அதுதான் மிக அழுத்தம். வெறும் நாலு டோன். இதை மட்டும் வைத்து ஒரு சின்னப் படம் கறுப்பிலேயே போட்டுப் பாருங்கள். தண்ணீர் கட்டிய நடவு வயலுக்கு இது பொருந்தாது, அங்கே தரையே வானம்.

அப்புறம் விவரம். தூரத்து வயலில் ஒவ்வொரு நாற்றாக வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். காலடியில் நாலு நெல்தாள் தெளிவாக இருந்தால் மிச்சத்தைக் கண்ணே நட்டுக்கொள்ளும்.

02-10-2022

என்னென்ன வண்ணம் வாங்க என்று ஏழு பேர் கேட்டாயிற்று. அல்ட்ராமரைன், செருலியன், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஆக்கர், ஒரு லெமன் யெல்லோ. ஸாப் கிரீன் வேண்டாம், அதை அப்படியே அப்பும் கை வந்துவிடும். கறுப்பு டியூபை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அல்ட்ராமரைனும் சியன்னாவும் கெட்டியாகச் சேர்ந்தால் அதைவிட நல்ல இருட்டு வரும். தாள் 300 ஜிஎஸ்எம்முக்குக் குறைந்தால் அப்பளம்.

20-11-2022, ஞாயிறு

நாலு நாள் அடைமழை விட்டு இன்று வெளுத்தது. காலையில் மாடிக்குப் போனால் மலை தெருமுனையில் வந்து நிற்கிறது. இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், மழை காற்றைக் கழுவிவிட்டால் மலை கிட்டே வந்துவிடும், அருவி வெள்ளைக்கோடாகத் தெரியும், மரத்தைக்கூட எண்ணலாம் போல இருக்கும். நீலம் துளிதான். அச்சு அசல் கரும்பச்சை.

எனக்கு இது பரீட்சை மாதிரி. காற்று உதவாத நாளில் தூரம் வருமா? பழைய குளத்துக்கரைப் பக்கம் போனேன், ஆனால் கரைமேல் ஏறவில்லை, கீழே வயலில் நின்றேன். கரை அடிவானத்தை மறைத்துக்கொண்டு குறுக்கே ஓடியது. அதன்மேல் ஏழு பனை. கரைக்குப் பின்னால் குளம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், படத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கரையைத் தாண்டிப் புளியமரத்தின் தலை, அதற்குப் பின்னால் இன்னும் சின்னதாகத் தென்னந்தலைகள், அப்புறம் மலை, நல்ல அழுத்தமான பச்சையில். மலைக்கும் தென்னைக்கும் நடுவில் ஒரு நூலிழை அளவு வெளுப்பு விட்டேன், அதுகூடத் தேவையா என்று இப்போது யோசிக்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவைத்தேன். மகள் கடந்து போகும்போது பார்த்துவிட்டு, "அப்பா, இந்தக் கரைக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கு?" என்றாள். படத்தைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி இது. வழக்கமாக எப்போது காயும் என்றுதான் கேட்பாள்.

21-11-2022

பார்த்தவர்களில் ஒருவர், பனை ஏழும் ஒரே உயரம் என்று கண்டுபிடித்துவிட்டார். கரை எனக்குக் குறுக்கே ஓடுகிறது, ஏழும் ஏறக்குறைய ஒரே தூரம், அதனால் ஒரே உயரம் என்று வாதாடலாம். உண்மை, மூன்றாவது பனையிலேயே எனக்குக் கை அசந்துவிட்டது.

27-11-2022

கேள்வி கேட்டவர் புதுப்படம் போட்டிருக்கிறார். அதே வயல், அதே மலை. குளத்துக்கரையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். நடுவில் ஒரு மேட்டு வரப்பு குறுக்கே போகிறது, இடப்பக்கம் உடைந்து ஓடையில் இறங்குகிறது. வெள்ளை வீடு வரப்புக்குப் பின்னால் ஓடு மட்டும் தெரிய நிற்கிறது, சுவர் இல்லை. மலையின் நீலத்தை அவர் மாற்றவே இல்லை, அதே பழைய அல்ட்ராமரைன்தான், டியூபிலிருந்து வந்தபடி. இருந்தும் மலை போய்விட்டது, பத்துக் கிலோமீட்டர் இருக்கும்.

எருமையும் வரப்புக்குப் பின்னால் போய்விட்டது. முதுகும் கொம்பும் மட்டும் தெரிகின்றன. இப்போது வீட்டில் பாறையா என்று கேட்கிறார்களாம்.

கொம்பைக் கொஞ்சம் அழுத்துங்கள். முதுகில் ஒரு கொக்கு வையுங்கள், பேப்பர் வெள்ளை வேண்டாம்.